பயிற்சிக்குச் செல்லும் மாணவர் யார் பொறுப்பு?

மேல்நிலைப் பள்ளிகளின் தொழிற்கல்விப் பிரிவில் படிக்கும் மாணவர்கள் பட்டறைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் அலுவலகங்களுக்கும் சில நாட்கள் களப்பயிற்சிக்காக அனுப்பப்படுகிறார்கள். செல்லும்போது அவர்கள் கையில் தலைமையாசிரியர் கையொப்பமிட்ட கடிதம் ஒன்று இருக்கும். 'இம்மாணவருக்குப் பயிற்சி அளித்து உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்' என்பதற்கு மேல் பெரும்பாலும் அதில் ஒன்றும் இராது. திரும்பி வரும்போது இன்னொரு தாள் இருக்கும். 'இவர் இத்தனை நாட்கள் பயிற்சி பெற்றார், நடத்தை நன்று.' இந்த இரண்டு தாள்களுக்கும் இடைப்பட்ட நாட்களில் அந்த மாணவர் என்ன செய்தார், அவருக்கு யார் சொல்லித் தந்தார்கள், ஏதேனும் விபரீதம் நேர்ந்திருந்தால் யார் பொறுப்பேற்றிருப்பார்கள் என்பதைப் பற்றி இரண்டு தாள்களுமே பேசுவதில்லை.

மேற்கு மாவட்டம் ஒன்றில் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயந்திரவியல் பாடத்தைப் பல ஆண்டுகள் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். மாணவர்களுக்கு இடம் கேட்டுப் பட்டறை பட்டறையாக ஏறி இறங்கியிருக்கிறேன். மனமுவந்து இடம் கொடுத்தவர்களையும் அறிவேன், மறுத்தவர்களையும் அறிவேன். மறுத்தவர்களில் சிலருடைய காரணங்கள் மிகவும் நியாயமானவை. அதனால்தான் இதை முதலாளிக்கும் மாணவருக்கும் இடையிலான வழக்காக மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை.

தமிழகத்தில் 1978-இல் மேல்நிலைக் கல்வி தொடங்கியபோதே தொழிற்கல்விப் பிரிவும் உடன் வந்தது. அதே ஆண்டில், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக விளங்கிய மால்கம் ஆதிசேசையாவின் தலைமையில் அமைந்த தேசியக் குழு, மேல்நிலைக் கல்வியைத் தொழில் சார்ந்ததாக்குவது குறித்துத் தன் அறிக்கையை வழங்கியது. செய்து கற்க வேண்டும் என்பதே அதன் சாரம். ஆசிரியர் பணியிடங்கள் நிரப்பப்படாதது, பாடப்பிரிவுகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டது, கருவிகள் துருப்பிடித்தது ஆகியவற்றைப் பற்றிப் பலரும் எழுதியாயிற்று. அவற்றுக்குள் நான் செல்லவில்லை.

ஆனால், ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தொழிற்கல்வி என்ற சொல்லுக்கு நம் மண்ணில் ஒரு நினைவுச் சுமை உண்டு. 1953-இல் இராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், பிள்ளைகளைப் பாதி நேரம் பள்ளிக்கும் மீதி நேரம் பெற்றோரின் தொழிலுக்கும் அனுப்ப முனைந்தது. குலக்கல்வி என்று எதிர்க்கப்பட்ட அத்திட்டம், 1954-இல் காமராஜர் முதல்வரானபின் கைவிடப்பட்டது. அந்த எதிர்ப்பு நியாயமானது. அதன் தொடர்ச்சியாகவோ என்னவோ, தொழிற்கல்வி வேண்டுமா, வேண்டாமா என்று வாதிடுவதிலேயே நம் ஆற்றல் செலவாகிவிடுகிறது. ஏற்கெனவே அதில் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் பட்டறை வாசலைத் தாண்டியபின் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்ற சிறிய கேள்வி எவர் கண்ணிலும் படுவதில்லை. நான் பார்த்தவரையில் அப்பிரிவுக்கு வருவோர் பெரும்பாலும் எளிய வீட்டுப் பிள்ளைகள். பயிற்சி மருத்துவர்களின் பணிநேரம் தலைப்புச் செய்தியாகிறது. பதினாறு வயது இயந்திரவியல் மாணவனின் பயிற்சி நேரத்தை எவரும் கணக்கெடுப்பதில்லை.

பயிற்சிக்கு வந்தவர் தொழிலாளியும் அல்லர். பட்டறைக்குள் இருக்கும்வரை முழுமையான மாணவரும் அல்லர். சிக்கலின் வேர் இங்கே இருக்கிறது. 'பள்ளி அனுப்பியது, பள்ளி பார்த்துக்கொள்ளும்' என்று நிறுவனம் நினைக்கிறது. 'அவர்கள் இடத்தில் இருக்கிறான், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்' என்று பள்ளி நினைக்கிறது. இரு தரப்பும் பார்த்துக்கொள்கின்றன என்று பெற்றோர் நம்புகிறார்கள்.

சட்டமே இல்லையா என்றால், இருக்கிறது. 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம் நல்ல சட்டம். 1986-இல் செய்யப்பட்ட திருத்தம் மேல்நிலைத் தொழிற்கல்வி பயின்றவர்களையும் அதன் வரம்புக்குள் கொண்டுவந்தது. பழகுநர் என்பவர் பயிற்சி பெறுபவரே, தொழிலாளி அல்லர் என்று அச்சட்டம் வரையறுக்கிறது. ஆயினும் தொழிற்சாலையில் தொழிலாளிக்கு உரிய உடல்நல, பாதுகாப்பு ஏற்பாடுகள் அனைத்தும் அவருக்கும் உண்டு என்கிறது. பயிற்சியில் காயமுற்றால் இழப்பீடு தரும் பொறுப்பை வேலையளிப்பவர்மீது சுமத்துகிறது. பழகுநர் வயது நிரம்பாதவராயின் அவர் சார்பில் காப்பாளர் ஒப்பந்தத்தில் கையொப்பமிட வேண்டும். உதவித்தொகையை உருப்படிக் கணக்கில் தரக்கூடாது என்று ஒரு விதி. இதை எழுதியவர் பட்டறையை நேரில் பார்த்தவராக இருக்க வேண்டும். எத்தனை உருப்படி முடித்தாய் என்று எண்ணத் தொடங்கும் கணத்திலேயே கற்பது நின்று உழைப்பது தொடங்கிவிடுகிறது அல்லவா?

இவ்வளவும் ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யப்பட்ட பழகுநருக்கு. பள்ளியில் படித்துக்கொண்டே பத்துப் பதினைந்து நாட்கள் ஒரு கடிதத்துடன் செல்லும் மாணவரிடம் அத்தகைய ஒப்பந்தம் இருப்பதில்லை. அவருக்கு விரல் போனால் இழப்பீடு உண்டா என்பதை வழக்காடித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும். குழந்தை மற்றும் வளரிளம் பருவத் தொழிலாளர் சட்டம், 2016 திருத்தத்துக்குப் பின், 14 முதல் 18 வயது வரையுள்ளோரை ஆபத்தான தொழில்களில் அமர்த்துவதைத் தடை செய்கிறது. சுரங்கமும் வெடிபொருளும் அபாயகரமான செயல்முறைகளும் அந்தப் பட்டியலில் உள்ளன. சாதாரணப் பட்டறையின் ஆபத்து அப்பட்டியலில் அடங்காத வகை. அதைப் பற்றிப் பேசியது 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம். ஆபத்தான இயந்திரத்தில் இளையவர் ஒருவரை நிறுத்துவதற்கு முன், அதன் ஆபத்துகளையும் கைக்கொள்ள வேண்டிய எச்சரிக்கைகளையும் முழுமையாக விளக்கியிருக்க வேண்டும். போதிய பயிற்சி தந்திருக்க வேண்டும், அல்லது நன்கு தெரிந்த ஒருவர் உடனிருந்து மேற்பார்க்க வேண்டும் என்று நெடுங்காலம் அது சொல்லி வந்தது. அச்சட்டத்தின் இடத்துக்கு இப்போது புதிய சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. எண்கள் மாறினாலும் இந்த நெறி மாறக் கூடாது. பத்துப் பேர்கூட வேலை செய்யாத சிறு பட்டறைக்குத் தொழிற்சாலைச் சட்டம் எதுவும் எட்டியதில்லை என்பதும் இங்கு நினைவில் இருக்க வேண்டும். நம் மாணவர்கள் அதிகம் செல்வது அத்தகைய பட்டறைகளுக்குத்தான்.

என் மாணவன் ஒருவனைப் பற்றிச் சொல்கிறேன். ஒரு தொழிற்பேட்டையில் உலோகத் தகடுகளை வெட்டி வளைக்கும் பட்டறைக்கு அவனைப் பயிற்சிக்கு அனுப்பியிருந்தோம். முதல் இரண்டு நாட்கள் தகடுகளை எண்ணி அடுக்கும் வேலை. மூன்றாம் நாள் பவர் பிரஸ்ஸில் அமரும் ஆள் வரவில்லை. 'தம்பி, நீ உட்காரு. ஒண்ணுமில்ல, தகட்டை வெச்சு மிதிச்சாப் போதும்' என்றார் உரிமையாளர். இரு கைகளாலும் பொத்தானை அழுத்தினால்தான் இறங்கும் வகையன்று அந்த இயந்திரம். காலால் மிதித்தால் இறங்கும் பழைய வகை. கை உள்ளே இருக்கும்போது கால் பதிந்துவிட்டால் அவ்வளவுதான். அந்தத் தொழிற்பேட்டையின் தேநீர்க் கடையில் அரை மணி நேரம் நின்றால், கண்ணாடிக் குவளையைப் பற்றும் விரல் குறைந்த கைகள் இரண்டொன்றைப் பார்க்கலாம். அவனும் பார்த்திருக்கிறான். 'இது எங்களுக்குச் சொல்லித் தரலைங்க சார்' என்று நின்ற இடத்திலேயே நின்றுவிட்டான். உரிமையாளர் இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு, சொன்ன பேச்சைக் கேட்காத பையன் வேண்டாம் என்று அன்றே திருப்பி அனுப்பிவிட்டார். பயிற்சிச் சான்று கொடுக்கவில்லை.

இதில் என்னை உறுத்தியது உரிமையாளரின் கோபமல்ல. பள்ளியில் அது ஒழுங்கீனமாகப் பார்க்கப்பட்டதுதான். 'இடம் கொடுப்பதே பெரிது. இவன் போய்ப் பெயரைக் கெடுத்துவிட்டான்' என்று ஆசிரியர் அறையில் பேச்சு. பையனும் தான் தவறு செய்துவிட்டதாகவே நம்பினான். அந்த வகுப்பிலேயே பாடத்தைச் சரியாகக் கற்றவன் அவன் ஒருவன்தான் என்று நான் வாதாடி, வேறு பட்டறையில் பயிற்சியை முடிக்க ஏற்பாடு செய்ய ஒரு வாரம் ஆயிற்று.

மறுக்கத் தெரியாத, அல்லது மறுக்க முடியாத பிள்ளைகளுக்கு என்ன நேரும் என்பதைத் தென்கொரியா காட்டியிருக்கிறது. அங்கே தொழிற்கல்வி உயர்நிலைப் பள்ளிகளின் இறுதியாண்டு மாணவர்கள் இரண்டாம் பருவத்தில் நிறுவனங்களுக்குப் பயிற்சிக்குச் செல்வது நெடுநாள் வழக்கம். நம்மிடம் இல்லாத அனைத்தும் அங்கே உண்டு. மாணவர், பள்ளி, நிறுவனம் ஆகிய மூவரும் கையொப்பமிடும் ஒப்பந்தப் படிவம் உண்டு. நாளொன்றுக்கு 7 மணி நேரம், மாணவர் இசைந்தால் மேலும் 1 மணி நேரம் என்ற வரம்பு உண்டு. இரவுப் பணிக்குத் தடை உண்டு. இருந்தும் 2017 ஜனவரியில், வாடிக்கையாளர் அழைப்பு மையம் ஒன்றுக்குப் பயிற்சிக்குச் சென்ற மாணவி தன் உயிரை மாய்த்துக்கொண்டார். இணைப்பைத் துண்டிக்க அழைப்பவர்களைப் பேசித் தடுத்து நிறுத்தும் பிரிவில் அவரை அமர்த்தியிருந்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் ஜெஜு தீவில் குடிநீர் ஆலையொன்றில், இயந்திரத்தில் சிக்கிய மாணவர் சில நாட்களில் இறந்தார். 2021 அக்டோபரில் யோசு என்னும் துறைமுக நகரில், சுற்றுலாப் படகில் பயணிகளைக் கவனிக்கும் பயிற்சிக்கென அனுப்பப்பட்ட மாணவரை, படகின் அடிப்புறத்தில் ஒட்டியிருந்த சிப்பிகளைச் சுரண்டி எடுக்கக் கடலுக்குள் இறக்கினார்கள். அவரிடம் முக்குளிப்புச் சான்று இல்லை. பதினெட்டு வயது நிரம்பாதவரை முக்குளிப்புப் பணியில் ஈடுபடுத்தக் கூடாது என்று அந்நாட்டுச் சட்டமே சொல்கிறது. ஒப்பந்தத்தில் எழுதியிருந்த வேலை ஒன்று. கடலுக்கு அடியில் வாங்கிய வேலை வேறு. அவர் திரும்பி மேலே வரவில்லை.

இந்த மரணங்களுக்குப் பின் அங்கே நடந்த விவாதத்தை நாம் கவனிக்க வேண்டும். 2017-க்குப் பிறகு அரசு விதிகளை இறுக்கியது. வேலைவாய்ப்பை நோக்கிய பயிற்சியை நிறுத்தி, கற்றலை மையமாகக் கொண்ட பயிற்சி மட்டுமே நடக்கும் என்றது. உடனே இடம் தரும் நிறுவனங்களின் எண்ணிக்கை சரிந்தது. எங்களுக்கு வேலை கிடைக்கும் வழியையே அடைத்துவிட்டீர்கள் என்று மாணவர்களில் ஒரு பகுதியினரே முறையிட்டார்கள். 2019-இல் விதிகள் தளர்த்தப்பட்டன. யோசு சம்பவம் அதன் பிறகு நிகழ்ந்தது. அழைப்பு மைய மாணவியின் மரணத்தைத் தழுவி எடுக்கப்பட்ட 'நெக்ஸ்ட் சோஹி' என்னும் திரைப்படம் 2022-இல் கான் விழாவில் திரையிடப்பட்டுப் பெரும் விவாதத்தை எழுப்பியது. 2023-இல் சட்டம் மீண்டும் திருத்தப்பட்டு, பயிற்சி மாணவரைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்குவதும் பணியிடத்தில் துன்புறுத்துவதும் தொழிலாளருக்கு இணையாகத் தடை செய்யப்பட்டன. பயிற்சியையே நிறுத்திவிட்டால் பாதிக்கப்படுபவர் மாணவர். கட்டுப்பாடின்றி விட்டாலும் அவரே பாதிக்கப்படுகிறார். படிவம் மட்டும் இருந்தால் போதும் என்று நினைப்பவர்களுக்கும் அந்நாட்டில் பதில் இருக்கிறது.

மாணவரின் பொறுப்பு என்று நாம் பொதுவாக எதைச் சொல்கிறோம்? நேரத்துக்கு வருவது, சொன்னதைக் கேட்பது. தொழில் பழகுநர் சட்டத்திலும் பழகுநரின் கடமைகள் வரிசையாக இருக்கின்றன. ஊக்கத்துடனும் மனச்சான்றுடனும் தொழிலைக் கற்க வேண்டும். வகுப்புகளுக்கு ஒழுங்காக வர வேண்டும். வேலையளிப்பவரின் சட்டத்துக்கு உட்பட்ட கட்டளைகளை நிறைவேற்ற வேண்டும். 'சட்டத்துக்கு உட்பட்ட' என்ற அந்த அடைமொழி எத்தனை மாணவர்களுக்குச் சொல்லித் தரப்பட்டிருக்கிறது? பன்னிரண்டு ஆண்டுகள் கீழ்ப்படிதலையே ஒழுக்கமாகப் பயிற்றுவிக்கிறோம். பிறகு கீழ்ப்படிந்தால் விரல் போகும் இடத்துக்கு அனுப்பி வைக்கிறோம். 'எனக்கு இது சொல்லித் தரப்படவில்லை. சொல்லித் தந்தால் செய்கிறேன்' என்று மரியாதை குறையாமல் சொல்வதற்குப் பழக்க வேண்டும். பெரியவர் முன் வாய் திறக்கத் தயங்கும் கிராமத்துப் பிள்ளைக்கு இது தானாக வராது. பள்ளிப் பட்டறையில் நான்கு முறை நடித்துக் காட்டிச் சொல்ல வைத்தால் வரும். நான் செய்து பார்த்த அளவில், முதல் முறை சிரிப்பார்கள்; மூன்றாம் முறை குரல் திடமாகிவிடும்.

இப்படிச் சொல்வதால் மாணவர்பக்கக் கடமைகளை நான் குறைத்து மதிப்பதாக எவரும் எண்ண வேண்டாம். அவை ஏராளம். கடைசல் இயந்திரத்துக்கு அருகே செல்லும் மாணவன் முழுக்கைச் சட்டையை மடித்துவிட வேண்டும். மணிக்கட்டில் உள்ள காப்பையும் சாமிக் கயிற்றையும் கழற்ற வேண்டும். கோயிலில் கட்டிய கயிற்றைக் கழற்ற மாட்டேன் என்று முரண்டு பிடித்தவர்களுடன் நான் போராடியிருக்கிறேன். சுழலும் தண்டு பக்தியை அறியாது. அதே இயந்திரத்தில் கையுறை அணிவதும் ஆபத்து என்பதைப் பலர் அறிவதில்லை. உறையைப் பற்றி இழுத்தால் கை முழுவதும் போகும். வெட்டிய இரும்புச் சுருளைக் கையால் அகற்றக் கூடாது. கைப்பேசியை வாசலிலேயே வைத்துவிட வேண்டும். இவற்றில் ஒன்றை மீறினாலும் உரிமையாளருக்கு மாணவனைத் திருப்பி அனுப்பும் முழு உரிமை உண்டு. அனுப்பாமல் இருப்பதுதான் தவறு. பட்டறையில் பார்த்த வரைபடத்தையும் வாடிக்கையாளர் பெயரையும் வெளியில் பேசக் கூடாது என்பதும் மாணவனின் கடமைதான். பக்கத்துப் பட்டறையோடு போட்டியில் இருக்கும் சிறு உரிமையாளருக்கு அது வாழ்வாதாரம்.

அந்தச் சிறு உரிமையாளரின் தரப்பையும் பார்ப்போம். ஐந்தாறு இயந்திரங்கள், ஏழெட்டு ஆட்கள், மாதம் பிறந்தால் வங்கித் தவணை, மின்கட்டணம். பத்து நாட்களுக்கு ஒரு பையன் வருகிறான். அவனுக்குச் சொல்லித் தருவதற்கு நல்ல ஆள் ஒருவரின் நேரம் போகும். அவன் கெடுக்கும் உருப்படிக்கு மூலப்பொருள் செலவு. கற்றுக்கொள்ளத் தொடங்கும் நேரத்தில் அவன் பயிற்சி முடிந்து போய்விடுவான். பிறகு அவர் ஏன் சொல்லித் தர வேண்டும்? அதனால்தான் பையனுக்குத் தேநீர் வாங்கி வரும் வேலையும் தரை கூட்டும் வேலையும் கிடைக்கின்றன. தரை கூட்டுவது இழிவல்ல. பட்டறையைச் சுத்தமாக வைத்திருப்பது தொழிலின் முதல் பாடம். பத்து நாட்களும் அது ஒன்றே பாடமானால்தான் பிழை. என் எண்ணத்தில் இந்தத் தொடர்ச்சியான பத்து நாள் ஏற்பாடே இருவருக்கும் பயனற்றது. வாரம் ஒரு நாள் வீதம் ஆண்டு முழுவதும் ஒரே பட்டறைக்குச் சென்றால், உரிமையாளருக்குப் பையனின் கை தெரியும். படிப்பை முடித்ததும் வேலைக்கு வைத்துக்கொள்ளலாமா என்று அவரே கணக்குப் போடத் தொடங்குவார். சொல்லித் தருவதில் அவருக்கும் இலாபம் பிறக்கும். பள்ளிக்கும் அந்த வாரம் நடந்ததை மறுநாள் வகுப்பில் பேச வாய்ப்பு. கால அட்டவணையைக் குலைக்க வேண்டியிருக்கும் என்பார்கள். குலைக்கத்தான் வேண்டும்.

மறுபுறம், பயிற்சி என்ற சொல்லையே போர்வையாக்கிக்கொள்ளும் வேலையளிப்போரும் உண்டு. அதற்குத் தமிழகம் வேறெங்கும் சான்று தேட வேண்டியதில்லை. மேற்கு மாவட்ட நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில், மூன்றாண்டு முடிவில் மொத்தத் தொகை தருவதாகச் சொல்லி இளம்பெண்களை விடுதிகளில் தங்கவைத்து வேலை வாங்கியதை நாம் மறந்துவிட முடியாது. அவர்களில் பலர் ஏடுகளில் பயிலுநர்கள். பயிலுநர் என்று எழுதிவிட்டால் ஊதியமும் குறைவு, கேள்வியும் குறைவு. எனவே பயிற்சி எது, வேலை எது என்பதைப் பெயரைக் கொண்டு முடிவு செய்யக் கூடாது. அந்த ஆள் இல்லாவிட்டால் அன்றைய உற்பத்தி குறையுமா என்று கேட்டால் போதும். குறையும் என்றால் அவர் தொழிலாளி. அவருக்குக் கூலி கொடுக்க வேண்டும்.

ஜெர்மனியின் தொழிற்கல்வி முறையை உதாரணம் காட்டுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. அங்கே மூன்றாண்டு அளவிலான ஒப்பந்தம், மாத உதவித்தொகை, பயிற்றுநருக்கெனத் தனித் தகுதி எல்லாம் சேர்ந்து ஒரு முழு அமைப்பு இருக்கிறது. அதைப் பெயர்த்தெடுத்து நட முடியாது. ஆனால் 1969-ஆம் ஆண்டின் அந்நாட்டுத் தொழிற்கல்விச் சட்டத்திலிருந்து இரண்டு செய்திகளைச் செலவில்லாமல் எடுத்துக்கொள்ளலாம். பயிற்சியின் நோக்கத்துக்கு உதவும், பயில்பவரின் உடல் வலிமைக்கு ஏற்ற பணிகளை மட்டுமே அவருக்குத் தர வேண்டும் என்பது ஒன்று. பயில்பவர் தான் செய்ததை ஒரு குறிப்பேட்டில் எழுதிவர வேண்டும், பயிற்றுநர் அதைப் பார்வையிட வேண்டும் என்பது மற்றொன்று. நம் மாணவர்களும் குறிப்பேடு எழுதுகிறார்கள். அது தேர்வுக்கு முந்தைய வாரம் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதும் குறிப்பேடு. அன்றன்று எழுதி, பட்டறையில் ஒருவர் கையொப்பமிட்டு, வாரம் ஒரு முறை ஆசிரியர் படித்துப் பார்த்தால், பவர் பிரஸ்ஸில் உட்காரச் சொன்னது மூன்றாம் நாளே பள்ளிக்குத் தெரிந்துவிடும்.

ஆசிரியர் நேரில் சென்று பார்க்க வேண்டும் என்ற விதி ஏட்டில் இருக்கலாம். பத்துப் பட்டறைகளில் பரவியிருக்கும் மாணவர்களைப் பார்க்க, பயணப்படி இல்லாமல், சொந்த இருசக்கர வாகனத்தில் செல்லும் ஓர் ஆசிரியரால் எத்தனை இடங்களுக்குப் போக முடியும்? அந்த நாட்களில் அவருக்கு வேறு வகுப்புகளும் உண்டு. ஆசிரியரின் பயணச் செலவையும் மாணவருக்கான விபத்துக் காப்பீட்டையும் கல்வித் துறை ஏற்க வேண்டும். ஒரு மாவட்டத்துக்கு ஆகும் தொகை, துறை நடத்தும் ஒரு விழாவின் பந்தல் செலவைத் தாண்டாது என்பது என் கணிப்பு.

மாணவியர் செல்லும் இடங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பணியிடங்களில் பெண்களுக்கு இழைக்கப்படும் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம், பணியாளர் என்ற சொல்லின் பொருளில் பயிற்சியாளரையும் பழகுநரையும் சேர்த்தே வைத்திருக்கிறது. ஊதியம் பெறுகிறாரா என்பது கேள்வியே இல்லை. பத்துப் பேரோ அதற்கு மேற்பட்டவர்களோ பணிபுரியும் இடத்தில் உள்ளகக் குழு இருக்க வேண்டும். சிறிய இடமானால் மாவட்ட அளவிலான குழுவிடம் முறையிடலாம். பதினெட்டு வயதுக்கு உட்பட்டவருக்கு நேர்ந்தால் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டமும் சேர்ந்துகொள்ளும். தகவல் அறிந்தவர் காவல்துறையிடம் தெரிவிக்காமல் இருப்பதே அதன்கீழ் குற்றம். இடம் கொடுத்தவரைப் பகைத்துக்கொள்ள வேண்டாம் என்று பள்ளி மூடி மறைத்தால், பள்ளியும் சட்டத்தின் முன் நிற்க வேண்டியிருக்கும். மாணவியை அனுப்புவதற்கு முன், அங்கே வேறு பெண்கள் பணிபுரிகிறார்களா, கழிப்பறை இருக்கிறதா, மாலையில் எத்தனை மணிக்குப் பேருந்து என்ற மூன்றையும் ஆசிரியர் நேரில் சென்று பார்த்திருக்க வேண்டும்.

எனவே அந்தக் கடிதத்தைத்தான் முதலில் மாற்ற வேண்டும் என்கிறேன். 'பயிற்சி அளித்து உதவுக' என்ற வேண்டுகோளுக்குப் பதில், பள்ளியும் நிறுவனமும் பெற்றோரும் மாணவரும் கையொப்பமிடும் ஒரு பக்க உடன்படிக்கை போதும். மாணவர் கற்க வேண்டிய வேலைகள் எவை, தொடக் கூடாத இயந்திரங்கள் எவை, பொறுப்பாளர் யார் என்பவை அதில் பெயருடன் இருக்கட்டும். சொல்லித் தராத வேலையை மறுத்ததற்காகச் சான்றிதழ் மறுக்கப்படாது என்ற ஒரு வரியும் இருக்கட்டும். அவசரத்துக்கு அழைக்க வேண்டிய ஆசிரியரின் எண் அடியில் இருக்கட்டும். இதற்குச் சட்டத் திருத்தம் வேண்டியதில்லை. துறையின் ஒரு சுற்றறிக்கை போதும். இடம் கொடுப்பவர்கள் ஓடிவிடுவார்கள் என்ற அச்சம் எனக்குக் குறைவு. நல்ல உரிமையாளர்கள், என்ன சொல்லித் தர வேண்டும் என்று எங்களிடம் எவரும் எழுதித் தந்ததே இல்லை என்றுதான் குறைபட்டுக்கொள்வார்கள். ஓடுகிறவர்கள் ஓடட்டும்.

பொதுவான படிவம் ஒன்றே எல்லாப் பிரிவுக்கும் பொருந்தாது. செவிலியப் பிரிவு மாணவியர் மருத்துவமனைக்குச் செல்கிறார்கள். நோயாளியின் விவரத்தை வெளியில் சொல்லக் கூடாது, வார்டில் படம் எடுக்கக் கூடாது என்ற கடமைகள் அவர்களுக்கு உண்டு. ஊசி குத்திவிட்டால் மறைக்காமல் உடனே சொல்ல வேண்டும் என்பது அவற்றில் மிக முக்கியமானது. திட்டு விழும் என்று பயந்து மறைக்கும் பிள்ளைகளே அதிகம். சொன்னவரைத் திட்டாமல் உடனே சிகிச்சை தர வேண்டியது மருத்துவமனையின் கடமை. பயன்படுத்திய ஊசிகளை அகற்றும் வேலையை அவர்களிடம் விடாமல் இருப்பதும் அப்படியே. ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்பே செய்ய வேண்டிய ஒன்று பள்ளியின் கையில் இருக்கிறது. கல்லீரல் அழற்சி பி நோய்க்கான தடுப்பூசியைப் போட்டுக்கொண்டதற்குச் சான்று இல்லாத மாணவிக்கு, அதை மூன்று தவணைகளில் போட வேண்டும். முதல் ஊசிக்கு ஒரு மாதம் கழித்து இரண்டாவது. ஆறாம் மாதத்தில் மூன்றாவது. பயிற்சிக்கு முந்தைய வாரம் நினைவு வந்து பயனில்லை. பிளஸ் ஒன் வகுப்பில் சேர்ந்த ஜூன் மாதத்திலேயே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்றால், டிசம்பரில் மூன்றாவது தவணை முடிந்திருக்கும்.